பிஷப் இல்லாத சபை

ஒரு சி.எஸ்.ஐ. சர்ச்சில் குருவானவரை மாற்ற வேண்டும் என்றால் என்ன நடக்கும்? டயோசிசில் முடிவாகும், பிஷப்பின் உத்தரவு வரும். பழையவர் பெட்டி படுக்கையோடு கிளம்புவார், புதியவர் வந்து இறங்குவார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஏறக்குறைய இப்படித்தான். பங்குத்தந்தையை அனுப்புவது பிஷப், பிஷப்பை நியமிப்பது போப்.

பாப்டிஸ்ட் சபையில் இந்த வேலையே கிடையாது. அங்கே பிஷப் இல்லை. உத்தரவு அனுப்ப மேலே ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அதே ஜனங்கள்தான் கூட்டம் போட்டு, கையைத் தூக்கி அல்லது சீட்டு எழுதிப் போட்டு, போதகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அவர்களே வீட்டுக்கு அனுப்பியும் விடுகிறார்கள். என்ன நம்புகிறோம் என்பதையும் அவர்களே எழுதிக்கொள்கிறார்கள்.

1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பிரிவுகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் இல்லை. 1970-ல் வட இந்தியாவில் சி.என்.ஐ. உருவானபோது ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். நம் பக்கத்தில் பாப்டிஸ்ட் என்ற பெயர் அவ்வளவு பழக்கமில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நாகாலாந்துக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே கிறிஸ்தவர் என்றாலே பெரும்பாலும் பாப்டிஸ்ட்தான்.

மேலே யாரும் இல்லாத ஒரு சபை எப்படி நடக்கிறது? நூறு பேர் நூறு விதமாக நம்ப ஆரம்பித்தால் யார் தடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு 400 வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் ரத்தமும் சிந்திய கதை.

ஆரம்பமே சண்டை

ஜான் ஸ்மித் என்பவர் கேம்பிரிட்ஜில் படித்த இங்கிலாந்துத் திருச்சபைக் குரு. அரசர் தலைமையில் நடக்கும் திருச்சபை சரியில்லை என்று பிரிந்து, கெயின்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு சிறு கூட்டத்தை நடத்தினார். அன்றைய இங்கிலாந்தில் அது சட்டவிரோதம். 1608 வாக்கில் கூட்டத்தோடு ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடினார். பணம் காசு கொடுத்து உதவியவர் தாமஸ் ஹெல்விஸ் என்ற நில உடைமையாளர்.

அங்கே ஸ்மித் ஒரு முடிவுக்கு வந்தார். விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, நம்பி ஏற்றுக்கொண்டவருக்கு மட்டுமே அது உரியது. அப்படியானால் கூட்டத்தில் யாருமே ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை! யார் யாருக்குக் கொடுப்பது? 1609-ல் ஸ்மித் தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு ஹெல்விஸுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார். எதிரிகள் சிரித்தார்கள்.

சிரிப்பு ஸ்மித்தையே உறுத்தியது போலும். சீக்கிரமே, 'தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது சரியா, ஏற்கனவே அங்கிருந்த மென்னோனைட்டுகளிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?' என்று யோசித்தார். பெரும்பாலோர் அவர் பக்கம் போனார்கள். ஹெல்விஸும் ஒரு சிலரும் மட்டும் மறுத்தார்கள். இரண்டு மூன்று பேர் விசுவாசத்தோடு கூடினால் அதுவே முழுமையான சபை, அதிகாரத்தை யாரிடமிருந்தும் கைமாற்றி வாங்கத் தேவையில்லை என்பது ஹெல்விஸ் கட்சி. குருவையே சபையிலிருந்து நீக்கினார்கள்.

பாப்டிஸ்ட் சபை என்று ஒன்று தொடங்கிச் சரியாக நடை பழகுவதற்குள் பிளவு, நீக்கம் இரண்டும் நடந்துவிட்டன. இதைக் கேலியாகச் சொல்வோர் உண்டு. ஆனால் ஹெல்விஸ் பிடித்துக்கொண்ட அந்த ஒரு கருத்து இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவுமே இல்லை.

1611-ல் ஹெல்விஸ் கூட்டம் 27 பிரிவுகளில் ஒரு விசுவாச அறிக்கை எழுதியது. அதில் ஓர் அழகான விஷயம் உண்டு. சபையில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே ஒருவரை ஒருவர் அறிய முடியாத அளவுக்குச் சபை பெருகக் கூடாது என்கிறது அது. பல்லாயிரம் பேர் கூடும் இன்றைய மெகா சபைகள் இதைப் படித்தால் என்ன சொல்லுமோ!

பிறகு ஹெல்விஸ் துணிந்து லண்டனுக்குத் திரும்பினார். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கூட்டத்தை ஆரம்பித்தார். இங்கிலாந்து மண்ணின் முதல் பாப்டிஸ்ட் சபை அதுதான். 1612-ல் ஒரு புத்தகம் வெளியிட்டு, ஒரு பிரதியில் கைப்பட எழுதி முதலாம் ஜேம்ஸ் அரசருக்கே அர்ப்பணித்தார். அரசரும் சாகப்போகும் மனிதர்தான், குடிமக்களின் ஆன்மாவுக்குச் சட்டம் போட அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். தன் ஆட்களுக்கு மட்டும் அவர் சுதந்திரம் கேட்கவில்லை. யூதருக்கும், முஸ்லிம்களுக்கும், தப்பான கொள்கைக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்தே கேட்டார். கிடைத்தது நியூகேட் சிறை. 1616 வாக்கில் இறந்துபோனார்.

மூன்று காகிதங்கள்

ஒரு பாப்டிஸ்ட் சபையைப் புரிந்துகொள்ள மூன்று ஆவணங்களைப் பார்த்தால் போதும். விசுவாச அறிக்கை, உடன்படிக்கை, அமைப்பு விதிகள். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எளிது. கம்பெனிக்கு மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ் இருப்பது போல. கம்பெனி எதற்காக இருக்கிறது என்று மெமோராண்டம் சொல்லும், உள்ளே எப்படி நடக்கும் என்று ஆர்ட்டிகிள்ஸ் சொல்லும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கம்பெனியில் ஓட்டு பங்குக்குத்தான். ஆயிரம் பங்கு வைத்திருப்பவர் ஒரே ஆளாக இருந்தாலும் ஆயிரம் ஓட்டு. பாப்டிஸ்ட் சபையில் காணிக்கை லட்சம் போட்டாலும் ஒரு ஓட்டுதான், பத்து ரூபாய் போட்டாலும் ஒரு ஓட்டுதான். அந்த வகையில் அது கூட்டுறவுச் சங்கத்துக்கே நெருங்கிய சொந்தம்.

விசுவாச அறிக்கை முதலில் உள்ளே இருப்பவர்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டதல்ல, வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல எழுதப்பட்டது. 1534-35-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை அனாபாப்டிஸ்டுகள் பிடித்துக்கொண்டு நடத்திய அட்டகாசம் நூறு வருடம் கழித்தும் ஐரோப்பாவில் மறக்கப்படவில்லை. பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவன் எல்லாம் அரசைக் கவிழ்ப்பவன் என்ற பழி இருந்தது. அதைத் துடைக்கத்தான் 1644-ல் லண்டனின் ஏழு சபைகள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தண்ணீரில் முழுவதும் முழுக்குவதுதான் ஞானஸ்நானம் என்று அதில் திட்டவட்டமாக எழுதினார்கள். முழுக்கும்போது இருவரும் நாகரிகமான உடை உடுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். அப்படி ஒரு குறிப்பு தேவைப்பட்டது என்றால் வெளியே என்னென்ன வதந்தி உலவியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஏழு சபைகளும் ஹெல்விஸ் வழியில் வந்தவை அல்ல. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பவர்கள் ஜெனரல் பாப்டிஸ்டுகள், தேர்ந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே என்பவர்கள் பர்ட்டிகுலர் பாப்டிஸ்டுகள். இவர்கள் இரண்டாம் வகை. பெயர் ஒன்று, கொள்கை இரண்டு. மேலிடம் இல்லாததால் இரண்டும் பாப்டிஸ்ட்தான் என்று ஆகிப்போனது.

1689-ல் மதச் சகிப்புச் சட்டம் வந்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட பர்ட்டிகுலர் சபைகளின் ஆட்கள் லண்டனில் கூடி, 1677-ல் பெயர் போடாமல் அச்சிட்டிருந்த 32 அதிகாரங்கள் கொண்ட அறிக்கையை ஏற்றார்கள். பெரும்பகுதி பிரஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையிலிருந்து எடுத்ததுதான். காப்பி அடித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நோக்கமே அதுதான், 'நாங்கள் அந்நியர் அல்ல' என்று காட்டுவது. எந்த இடத்தில் மாற்றினார்களோ அங்கேதான் சுவாரஸ்யம். ஞானஸ்நானத்தையும் சபை ஆட்சியையும் மாற்றினார்கள். ஒவ்வொரு சபைக்கும் தன்னை நடத்திக்கொள்ளத் தேவையான முழு அதிகாரமும் உண்டு. பல சபைகள் தங்கள் தூதர்களை அனுப்பிக் கூடிப் பேசலாம், ஆலோசனை சொல்லலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எந்தச் சபை மேலும் அதிகாரம் கிடையாது.

தூதர் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இரண்டாவது காகிதம் உடன்படிக்கை. என்ன நம்புகிறோம் என்பது அறிக்கை, எப்படி வாழ்வோம் என்று ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு உடன்படிக்கை. வில்லியம் கேரியும் நண்பர்களும் 1805-ல் செராம்பூரில் எழுதிய ஒப்பந்தம் இந்த வகைதான். அதை வருடத்துக்கு மூன்று முறை ஒவ்வொரு நிலையத்திலும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று விதி செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் நியூட்டன் பிரவுன் 1853-ல் வெளியிட்ட சபைக் கையேட்டில் இருந்த உடன்படிக்கை ஆயிரக்கணக்கான சபைகளில் பரவியது, பல இடங்களில் பெரிய எழுத்தில் சுவரில் மாட்டப்பட்டது. சாராயம் குடிப்பதும் கூடாது விற்பதும் கூடாது என்பது அதில் ஒரு வாக்குறுதி.

வாக்கை மீறினால்? சபைக் கூட்டத்தில் விசாரணை. பழைய ஆங்கிலச் சபைகளில் குடிபோதை, வேதனையான குடும்பச் சண்டை, விபச்சாரம் மட்டுமல்ல, கடனைத் திருப்பாததும் வியாபாரத்தில் திவாலாவதும்கூட விசாரணைக்கு வந்தன. கடன் கொடுத்தவன் பாதிக்கப்பட்டால் அது பாவம்தானே என்பது அவர்கள் கணக்கு.

பெட்ஃபோர்டு சபையை இங்கே சொல்லாமல் விட முடியாது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலநூலை எழுதிய ஜான் பனியன் இருந்த சபை அது. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660-ல் சிறைக்குப் போன பனியன் 12 வருடம் உள்ளே இருந்தார். 1672 ஜனவரியில், அவர் இன்னும் கைதியாக இருக்கும்போதே, சபை அவரைத் தன் போதகராகத் தேர்ந்தெடுத்தது. அரசாங்கம் குற்றவாளி என்று சொன்ன ஆளை ஒரு சின்ன ஊரின் சாதாரண ஜனங்கள் தங்கள் தலைவர் என்றார்கள். அந்தச் சபை ஞானஸ்நானம் எப்படிப் பெற்றாய் என்பதைச் சேருவதற்கு நிபந்தனையாக வைக்கவில்லை. அதற்காக லண்டன் பாப்டிஸ்டுகள் பனியனோடு சண்டை போட்டார்கள். போட்டார்களே தவிர, பெட்ஃபோர்டை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது காகிதமான அமைப்பு விதிகள் படிக்கச் சலிப்பானவை. கோரம் எத்தனை, டீக்கன்களின் பதவிக்காலம் எத்தனை வருடம், பொருளாளர் கணக்கை யார் தணிக்கை செய்வது என்று போகும். ஆனால் ஒரு துணுக்கு. உலகமெங்கும் கூட்டம் நடத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ்' என்று ஒரு விதிப் புத்தகம் பயன்படுகிறது அல்லவா? அதை எழுதிய ஹென்றி ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். 1863-ல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கூட்டம் கையை மீறிப் போய்விட்டது. அந்த அவமானத்தில்தான் அவர் கூட்ட விதிகளைப் படிக்க ஆரம்பித்து 1876-ல் புத்தகம் போட்டார்!

கசையடியும் பாலாடைக்கட்டியும்

இங்கிலாந்தில் அடி வாங்கியவர்கள் அமெரிக்காவுக்குப் போனால் அங்கேயும் அடிதான். மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் ஆட்சி. மனசாட்சியில் அரசு தலையிடக் கூடாது என்று பேசிய ரோஜர் வில்லியம்ஸை 1635-ல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். அவர் 1636-ல் பிராவிடன்ஸை நிறுவி, 1638 வாக்கில் அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அதை விட்டும் விலகினார். அவருக்கு அதுவும் திருப்தியில்லை. சபை மட்டும் நிலைத்துவிட்டது.

1651-ல் ஒபதாயா ஹோம்ஸ் லின் என்ற ஊரில் ஒரு வீட்டில் ஆராதனை நடத்தியதற்காகக் கைதானார். அபராதம் 30 பவுண்டு. நண்பர்கள் கட்டத் தயாராக இருந்தார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று மறுத்துவிட்டார். பாஸ்டன் நடுத்தெருவில் 30 கசையடி. அடி முடிந்ததும், ரோஜாப்பூவால் அடித்தது போலிருந்தது என்று நீதிபதிகளிடம் சொன்னாராம்.

பிறகு அடி நின்றது, வரி வந்தது. ஊரின் அதிகாரபூர்வச் சபைப் போதகரின் சம்பளத்துக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும், பாப்டிஸ்டும் கட்ட வேண்டும். மாசசூசெட்ஸின் ஆஷ்ஃபீல்டில் கட்ட மறுத்த பாப்டிஸ்டுகளின் நிலம் ஏறத்தாழ 400 ஏக்கர் 1770-ல் ஏலம் விடப்பட்டது. ஐசக் பேக்கஸ் என்ற போதகர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து இதை எதிர்த்தார். கடைசியில் லண்டனில் அரசரின் ஆலோசனைச் சபைதான் அந்தச் சட்டத்தை 1771-ல் ரத்து செய்தது. சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ்காரர்களுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. அப்படியும் அந்த மாநிலத்தில் சபை வரி முழுவதும் ஒழிய 1833 ஆனது.

1801-ல் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கம் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதியது. 1802 ஜனவரி 1 தேதியிட்ட பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில் என்ற புகழ்பெற்ற உவமை வருகிறது. அதே நாளில் ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் தன் ஊரான செஷயர் மக்கள் செய்த 1,235 பவுண்டு எடையுள்ள (சுமார் 560 கிலோ!) ஒரு பாலாடைக்கட்டியை வெள்ளை மாளிகையில் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றி சொல்லவும் ஒரு முறை இருக்கிறது பாருங்கள்.

அரசு தலையிடக் கூடாது என்பதும் சக சபைகள் தலையிடக் கூடாது என்பதும் இவர்களுக்கு ஒரே நூலின் இரண்டு முனைகள். 1707-ல் தொடங்கிய பிலடெல்ஃபியா சங்கம் 1749-ல் ஒரு கட்டுரையை ஏற்று, தன் அதிகாரத்தின் எல்லையைத் தானே வரைந்துகொண்டது. சங்கம் சபைகளுக்கு மேலான நீதிமன்றம் அல்ல, ஆனால் கொள்கை தவறிய சபையோடு உறவை முறித்துக்கொள்ளலாம். கட்டளையிட முடியாது, கைகுலுக்காமல் இருக்க முடியும். அவ்வளவுதான்.

மான்ட்கோமரியின் டீக்கன்கள்

ஓட்டு எல்லாருக்கும் ஒன்றுதான் என்று விதி சொன்னாலும் நடைமுறையில் சபையை ஆள்வது போதகரா, டீக்கன்களா? இந்த இழுபறியைப் பார்க்க அலபாமாவின் மான்ட்கோமரிக்குப் போக வேண்டும்.

டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சர்ச் 1877-ல் கறுப்பின மக்கள் ஆரம்பித்தது. முதலில் கூடியது, அடிமைகளை விற்பதற்கு முன் அடைத்து வைத்த ஒரு பட்டியில். பிறகு மாநிலத் தலைமைச் செயலகத்தின் கண்ணெதிரே இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பினார்கள். 1861-ல் ஜெஃபர்சன் டேவிஸ் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் தலைவராகப் பதவியேற்ற அதே கட்டடத்தின் அருகே!

காலப்போக்கில் பேராசிரியர்களும் ஆசிரியர்களும் நிறைந்த, படித்தவர்களின் சபையாக அது பெயர் வாங்கியது. இன்னொரு பெயரும் உண்டு. டீக்கன்களின் சபை. போதகர் வருவார் போவார், டீக்கன்கள் இருப்பார்கள். 1947-ல் வந்த வெர்னன் ஜான்ஸ் பெரிய அறிவாளி, பெரிய பேச்சாளர், யாருக்கும் அடங்காதவர். படித்தவர்கள் கையை அழுக்காக்கிக்கொள்ள அஞ்சுகிறார்கள் என்று திட்டிவிட்டு சர்ச்சிலேயே தர்பூசணியும் மீனும் விற்றார். கோபம் வந்தால் ராஜினாமா கடிதம் கொடுப்பது அவர் வழக்கம். பலமுறை பொறுத்த டீக்கன்கள் 1950-களின் தொடக்கத்தில் ஒரு முறை அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்து 1954-ல் அழைக்கப்பட்டவருக்கு வயது 25. பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங். சம்பளம் ஆண்டுக்கு 4,200 டாலர். ஏற்றுக்கொண்டு எழுதிய கடிதத்தில் போதகர் இல்லத்துக்கு முழுமையாக மரச்சாமான் போட்டுத் தர வேண்டும், ஆய்வை முடிக்க அவகாசம் வேண்டும், சபை வளர்ந்தால் சம்பளமும் வளர வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தார். பின்னாளில் உலகமே போற்றிய மனிதர் என்றாலும், வேலையில் சேரும்போது எல்லாரும் எழுதும் கடிதம்தான்.

செப்டம்பர் 5, 1954. வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே சபைக்கு ஒரு நீண்ட பரிந்துரைப் பட்டியலை வைத்தார் கிங். அதன் முன்னுரை டீக்கன்களின் வயிற்றைக் கலக்கியிருக்கும். போதகரின் அதிகாரம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது, ஒன்று கடவுளின் அழைப்பு, மற்றது சபையின் அழைப்பு. அழைத்ததாலேயே அவர் தலைமையை ஏற்பதாகச் சபை ஒப்புக்கொண்டாகிவிட்டது. தலைமை பெஞ்சிலிருந்து பிரசங்க பீடத்துக்கு ஏறுவதில்லை, பீடத்திலிருந்து பெஞ்சுக்கு இறங்குகிறது என்று எழுதினார்.

ஹெல்விஸ் இதைப் படித்திருந்தால் முகம் சுளித்திருப்பார். பெஞ்சுதான் ராஜா என்று சிறையில் செத்தவர் அவர். ஆனால் கிங் செய்த தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். அந்த அறிக்கையைக்கூட அவர் உத்தரவாகப் போடவில்லை, போடவும் முடியாது. சபையின் முன் வைத்து ஒப்புதல் வாங்கினார். பெஞ்சு ஓட்டுப் போட்டுத்தான் பீடம் உயர்ந்தது.

மற்றவை எல்லாம் நிர்வாகம். தனித்தனி நிதி திரட்டல்களுக்குப் பதில் ஒரே வரவு செலவுத் திட்டம். உறுப்பினர்களைப் பிறந்த மாதப்படி 12 குழுக்களாகப் பிரிப்பது. புதிதாகப் பல குழுக்கள். டீக்கன்கள் கையில் குவிந்திருந்த வேலை இப்படிப் பலர் கைக்குப் போனது. அதில் ஒன்று சமூக, அரசியல் நடவடிக்கைக் குழு. ஒவ்வொரு உறுப்பினரும் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டும், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் சேர வேண்டும் என்பது அதன் வேலைத்திட்டம். மேரி ஃபேர் பர்க்ஸ், ஜோ ஆன் ராபின்சன் என்ற இரு பெண் பேராசிரியர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் பேருந்தில் கைதானார். அன்றிரவே ராபின்சன் கல்லூரியின் உருட்டச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை ஓட்டினார். மறுநாள் மாலை ஊர்ப் போதகர்களும் தலைவர்களும் கூடியது டெக்ஸ்டர் சர்ச்சின் அடித்தளத்தில். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. எந்தப் பிஷப்பிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மாநில ஆளுநரோ நகர மேயரோ ஒரு மேலிடத்தைப் பிடித்து அந்தப் போதகரை இடமாற்றம் செய்ய வழியும் இருக்கவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் புறக்கணிப்பில் நடந்து போனவர்களே.

அதே விதியின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் எந்தச் சபையும் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல என்ற அதே விதி அடிமை முதலாளிகளுக்கும் வசதியாக இருந்தது. அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்ப மாட்டோம் என்று 1844-ல் வட மாநிலத்தவர் சொன்னதும், தென் மாநிலத்தவர் 1845 மே மாதம் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கூடித் தனியாக சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனைத் தொடங்கினார்கள். அதன் தோற்றத்தில் அடிமை முறைக்கு இருந்த பங்குக்கு அது மன்னிப்புக் கேட்டது 150 வருடம் கழித்து, 1995-ல்.

அந்த அமைப்பு 80 வருடம் தனக்கென்று விசுவாச அறிக்கையே வைத்துக்கொள்ளவில்லை. 1925-ல்தான் ஒன்று எழுதினார்கள். 1963-ல் திருத்தினார்கள், 2000-ல் மறுபடி திருத்தினார்கள். 2000 திருத்தம் போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியது. எந்த உள்ளூர்ச் சபையையும் இது கட்டுப்படுத்தாது, சபை விரும்பினால் ஏற்கலாம். விதிப்படி அப்படித்தான்.

2019-ல் டெக்சாஸின் இரண்டு நாளிதழ்கள் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டன. 20 வருடங்களில் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் போதகர்கள், ஊழியர்கள், தன்னார்வலர்கள் என சுமார் 380 பேர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள், 700-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள். ஒரு சபையில் மாட்டியவர் அடுத்த ஊர்ச் சபையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார், அந்தச் சபைக்கு விஷயம் தெரிவதில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று 2007-லேயே கேட்டார்கள். 2008-ல் நிர்வாகக் குழு மறுத்தது. காரணம், ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது, நாங்கள் தலையிட முடியாது! ஹெல்விஸ் உயிர் கொடுத்து வாங்கிய விதி, பாதிக்கப்பட்டவர்கள் முகத்தில் கதவைச் சாத்தப் பயன்பட்டது. 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை இந்த வாதம் எப்படி ஆண்டுக்கணக்கில் கேடயமாக இருந்தது என்று விரிவாகக் காட்டியது.

பெண் போதகர் விஷயத்தில் மட்டும் தலையிடக் கை நீண்டது. 2023 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டத்தில் இரண்டு சபைகள் மேல்முறையீடு செய்தன. ஒன்று ரிக் வாரன் 1980-ல் தொடங்கிய, பல்லாயிரம் பேர் கூடும் கலிஃபோர்னியாவின் சாடில்பேக். மற்றது கென்டக்கியின் லூயிவில்லில் உள்ள ஃபெர்ன் கிரீக் என்ற சிறிய சபை. அங்கே ஒரு பெண் மூன்று பத்தாண்டுகளாகப் போதகர். இரண்டையும் நீக்கலாமா என்று ஓட்டெடுப்பு. ஓட்டுப் போட வந்தவர்களுக்கு அங்கே பிரதிநிதி என்று பெயர் இல்லை, தூதர் என்றுதான் பெயர். சபை தன் அதிகாரத்தை யாரிடமும் ஒப்படைப்பதில்லை, ஆளை மட்டும்தான் அனுப்புகிறது என்ற பழைய எண்ணம் சொல்லில் மட்டும் அப்படியே இருக்கிறது. சாடில்பேக்கை நீக்க 9,437 ஓட்டு, வைத்துக்கொள்ள 1,212. ஃபெர்ன் கிரீக்கை நீக்க 9,700, வைத்துக்கொள்ள 806.

நீக்கியபின் கன்வென்ஷனால் செய்ய முடிந்தது அத்தோடு சரி. சபையின் கட்டடத்தையோ வங்கிக் கணக்கையோ போதகரையோ அதனால் தொட முடியாது. 1749-ல் பிலடெல்ஃபியாவில் வரைந்த கோடு இன்னும் அழியவில்லை. பெண் போதகர் உள்ள சபைகளுக்கு இடமில்லை என்பதைக் கன்வென்ஷனின் அமைப்பு விதியிலேயே எழுதிவிட வேண்டும் என்று ஒரு திருத்தம் 2024-ல் இண்டியானாபோலிஸில் ஓட்டுக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 61 சதவீதம்தான் கிடைத்தது. 2025-ல் டல்லாஸில் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போதும் 60.74 சதவீதம்.